அலமாரியைப் பைசல் செய்தபோது

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவரில் ஈரம் ஏறியது. அதன் பின்னாலேயே கரையானும் ஏறிவிட்டது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதினெட்டுப் புத்தகங்கள் போயின. போனவற்றில் பாதி, போனால் போகட்டும் என்று கிடந்தவைதான். “கரையானுக்கு ரசனை கிடையாது” என்று நான் சொன்னேன். “உங்களை விட முழுசாப் படிச்சிருக்கு” என்றாள் என் மனைவி.

மீதியைக் காப்பாற்ற வேண்டுமானால் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மொத்தம் நானூற்றுச் சொச்சம் இருக்கும். இதில் ஒரு சிக்கல். வலது கண்ணில் புரை எடுத்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. இடது கண்ணில் நீர் அழுத்தம். எழுத்து இரண்டாகவும் மூன்றாகவும் தெரிகிறது. அதனால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பெயரை வாசிப்பாள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொல்லுவேன். இதுதான் ஏற்பாடு. வல்லத்திராக்கோட்டையில் இப்படி ஒரு கோர்ட்டு நடந்தது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது.

என்னுடன் அரசு வேலை பார்த்த அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆபீஸில் ஒரு கோப்பை முடிக்கும்போது அது எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று அப்போதே குறித்துவிடுவோம். ஒரு வருஷத்தில் அழிக்கலாம், மூன்று வருஷத்தில் அழிக்கலாம், பத்து வருஷம் வைக்க வேண்டும், நிரந்தரமாக வைக்க வேண்டும். எல்.டிஸ், கே.டிஸ், டி.டிஸ், ஆர்.டிஸ். நான் சேர்ந்தது 1975-ல். புதுக்கோட்டை மாவட்டம் பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வருஷம் இதையே செய்துவிட்டு வந்தவன், புத்தகத்தை மட்டும் வேறு எப்படிப் பிரிப்பேன்?

இன்னொரு பழக்கம் அதற்கும் முந்தியது. அப்பா காரைக்காலில் ஒரு மண்டியில் கணக்கெழுதினார். அங்கே நான் பிரெஞ்சு வழியில் படித்தேன். 1954-ல் நிர்வாகம் கைமாறியும், 1962-ல் சட்டப்படியே இந்தியாவோடு சேர்ந்தும்கூட எங்கள் வகுப்பறையில் பிரெஞ்சுதான். எங்கள் மெத்ரு ஒருவர், ஒரு பாடத்தைப் படித்துவிட்டு ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதினால் சுழித்துவிடுவார். எந்த வரி, ஏன் என்று காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றும் எழுதலாம், அதற்கும் வரியைக் காட்ட வேண்டும். அன்று முதல் எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தாலும் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு நாலு வரி எழுதி, கீழே இனிஷியல் போட்டுவிடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துப் புத்தக வெளியீட்டு விழாக்களில் நான் கேட்கும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மேடை ஏறுகிறவர் எல்லோரும் ‘காலத்தால் அழியாத படைப்பு’ என்கிறார்கள். ஒருவர்கூட இருபதாம் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார். சால்வை போட்டவருக்கு எதிராகப் பேசக் கூடாது என்பது மரியாதையாம். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லத் தயங்காத நாம், புத்தகத்தில் உப்பில்லை என்று சொல்ல ஏன் இப்படித் தயங்குகிறோம்? எழுதியவருக்கும் அதனால் நஷ்டம்தான். இப்படி வந்த அன்பளிப்புப் பிரதிகள் முப்பத்தொன்று இருந்தன. பக்கம்கூடப் பிரிக்காதவை எத்தனை என்று எழுத மாட்டேன், கொடுத்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள்.

முதல் நாள் வேகமாகப் போயிற்று. சர்க்கரை நோய்க்கு உணவு, வாஸ்து, துறைத் தேர்வு வழிகாட்டி எல்லாம் ஒரு வருஷ வகை. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வந்தது. வேலை கிடைக்காமல் இருந்த பிள்ளைகள் பலருக்கு அந்த நாளில் அது தெம்பு கொடுத்தது உண்மை. எங்கள் பையன் அதில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறான். அதனால் பத்து வருஷம். அகராதிகள் எல்லாம் நிரந்தரம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வந்தபோது, எனக்கு வாய் திறக்கவே இடமில்லை. கொடும்பாளூர் வானதியை அவள் தன் தங்கை மாதிரி பேசுவாள். மூவர் கோயிலுக்கு நாங்கள் போயிருந்தபோது, மூன்றில் இரண்டுதான் நிற்கிறது என்பதை நான் கல்வெட்டு விவரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வானதி எந்தப் பக்கம் நடந்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்கியிடம் எனக்கு இருக்கும் குறை, யாரையும் அவர் கடைசி வரை கெட்டவனாக விட மாட்டார் என்பதுதான். அதையே அவள் நிறை என்கிறாள்.

இரண்டாம் நாள் ‘ஏழை படும் பாடு’ கையில் வந்தது. ஹ்யூகோவின் ‘லே மிசராப்ல்’ நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தது. 1950-ல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அந்தப் போலீஸ்காரர் வேஷம் போட்ட சீதாராமன் அதன் பிறகு ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். கடைசிப் பக்கத்தில் என் குறிப்பை அவள் வாசித்தாள். ‘மூலத்தின் நிழல். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு மட்டும். 14-6-1978.’ எத்தனை திமிர் பாருங்கள். இருபத்தேழு வயசு.

அதன் கீழே இரண்டு வருஷம் கழித்து இன்னொரு குறிப்பு இருந்தது. அந்தக் கதை இது. எங்கள் ஆபீஸில் பியூனாக இருந்தவர் ஒருவர், எட்டாவது வரை படித்தவர், இந்தப் புத்தகத்தை என்னிடம் கேட்டு வாங்கிப் போனார். திருப்பித் தர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அவருடைய தம்பி மேல் ஒரு பழைய திருட்டு வழக்கு. தண்டனை முடிந்து வந்த பிறகும், ஊரில் எங்கே என்ன காணாமல் போனாலும் அந்தப் பையனைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார்கள். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: “சார், அந்தப் போலீஸ்காரன் ஏன் ஆத்துல விழுந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?” கடமைக்கும் கருணைக்கும் நடுவில் அவன் மனம் உடைந்துவிட்டது என்று நான் பள்ளியில் படித்ததைச் சொன்னேன். “அது இல்ல சார். திருடன்னு நினைச்சவன் கையால உயிர் பொழச்சிட்டான். இனிமே அவனைத் திருடன்னு கூப்பிட முடியாது. கூப்பிடாம இருக்கவும் தெரியாது. இருபது வருஷமா வாய்க்குப் பழகிப்போன பேரு சார்” என்றார்.

நான் அந்த நாவலை மூலத்தில் இரண்டு தரம் படித்தவன். வாட்டர்லூ போரை ஹ்யூகோ பக்கம் பக்கமாக வர்ணிக்கும் இடத்தைக்கூடத் தாண்டாமல் படித்தவன். எனக்கு இது தோன்றவில்லை. மொழிபெயர்ப்பில் நிழல்தான் இருந்தது என்றால், அந்த நிழலில் நின்றே அவர் இதைப் பார்த்துவிட்டாரே. புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி யாருக்கு என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். நிரந்தரம்.

தமிழ் எனக்குப் பிறகுதான் வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பேசுவோம், எழுத்து தடுமாறும். தமிழ் வழியில் படிக்காதவன் என்பதால் தகுதிகாண் பருவத்துக்குள் தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கிடைத்ததை எல்லாம் படித்தேன். அப்படி முதலில் கைக்கு வந்தது அகிலனின் ‘சித்திரப்பாவை’. அப்போதுதான் அதற்கு ஞானபீடப் பரிசு கிடைத்திருந்தது, தமிழுக்கு அதுதான் முதல் ஞானபீடம். அகிலன் பிறந்த பெருங்களூர் நம் மாவட்டம். ஆகவே ஆபீஸில் யாரும் அதைக் குறை சொல்லக் கூடாது என்று ஒரு எழுதப்படாத அரசாணை இருந்தது. நானும் குறிப்பில் ‘மிக உயர்ந்த லட்சியம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதை வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: “எது லட்சியம்?” ஆனந்தி விரும்பியது ஓவியன் அண்ணாமலையை. மாணிக்கம் அவளைப் பலவந்தமாக முத்தமிட்டுவிடுகிறான். தொட்டவனுக்கே கழுத்தை நீட்ட வேண்டும் என்று அவனையே கட்டிக்கொண்டு சீரழிகிறாள். கடைசியில்தான் தாலியைக் கழற்றிவிட்டு வெளியே வருகிறாள். “அந்தக் கடைசிப் பக்கத்தை முதல் அத்தியாயத்துல வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என்றாள். கதையே இருந்திருக்காது என்றேன். “அப்ப அது ஆனந்தியோட கதை இல்ல, ஊர் வாயோட கதை.”

இதற்கு ஜோடியாக ஜெயகாந்தனை எடுத்தோம். ‘அக்னிப் பிரவேசம்’ 1966-ல் விகடனில் வந்தபோது நாடே இரண்டு பட்டது. கெட்டுப் போய் வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பிறகு அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். என் கருத்து, அகிலன் பெண்ணுக்காக இரக்கப்படுகிறார், ஜெயகாந்தன் அவளோடு வாதாடுகிறார். மனைவி இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, “அந்தத் தண்ணி ஊத்துன அம்மாதான் மனுஷி” என்றாள். அகிலனில் நான் வைத்துக்கொண்டது ‘பால்மரக்காட்டினிலே’. மலேயா ரப்பர் தோட்டக் கதை. நம் பக்கத்தில் மலேயாவுக்கு ஆள் போகாத தெரு எது? அதில் அகிலன் கால் மண்ணில் இருக்கிறது.

காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தது. மொழிபெயர்ப்பு என்றால் இது என்று என் பிரெஞ்சு கர்வம் அங்கே தலை குனிந்தது. பிரெஞ்சில் எப்படிச் சின்னச் சின்ன வாக்கியமாக, உணர்ச்சி காட்டாமல் போகிறதோ, அப்படியே தமிழிலும் போகிறது. அலமாரி வேலையை நிறுத்திவிட்டு அதை முழுதும் மூன்று ராத்திரியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா சாவுக்கு அழாதவன். பிறகு ஒரு கொலை செய்கிறான். கோர்ட்டில் கொலையை விட அழாததைத்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். நான் இருத்தலியல், அபத்தம் என்று தொடங்கினேன். அவள் கையை அமர்த்திவிட்டாள். “இதுக்கு எதுக்கு அத்தனை பெரிய வார்த்தை? மாமியார் சாவுக்குச் சத்தமா அழலன்னு இந்த ஊர்ல என்னை எத்தனை வருஷம் பேசுனாங்க. நான் அன்னிக்கு அடுப்படியில நூறு பேருக்குச் சமைச்சேன்.” எனக்கு இது தெரியாது. அவள் அழவில்லை என்று பேசினவர்களில் நானும் ஒருத்தன்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சில தொகுதிகள் இருந்தன. 1736-ல் தொடங்கி 1761-ல் சாகிற வரை எழுதியிருக்கிறார். துய்ப்ளேக்கு துபாஷி. ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அதைப் போல விருந்து கிடையாது. யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார், எத்தனை நஜர் வைத்தார், கப்பலில் என்ன சரக்கு, கவர்னர் பெண்சாதி யார் மேல் கோபம், எல்லாம் பதிவு. தமிழ், தெலுங்கு, பிரெஞ்சு எல்லாம் கலந்த பேச்சு நடை. சிறு வயதில் காரைக்காலில் என் காதில் விழுந்த சொற்கள் சில அதில் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அதை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’, அகாடமி பரிசு பெற்ற ‘வானம் வசப்படும்’ இரண்டும் நல்ல நாவல்கள்தான். ஆனால் பிள்ளையைப் படித்தவனுக்கு, நாவலாசிரியர் நடுநடுவே நியாயம் பேசுவது உறுத்தும். பிள்ளைக்கு நியாயம் பேச நேரமில்லை, நடந்ததை எழுதிவிட்டுப் படுத்துவிடுவார். நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

கந்தர்வன் கதைகளைப் பற்றி நான் நடுநிலையாக இருக்க முடியாது. நம்மைப் போல அரசு ஊழியர், கருவூலத்தில் வேலை பார்த்தார், சங்க மேடையில் அவர் பேச நான் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 2004-ல் போய்விட்டார். ‘சாசனம்’ கதையை மகேந்திரன் படமாக்கினார், அதை அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. எல்லோரும் குமாஸ்தா என்றால் மூக்குக் கண்ணாடியும் லஞ்சமும் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ரேஷன் கார்டும் மாதக் கடைசியும் உள்ள மனுஷனாக எங்களை எழுதினார். நிரந்தரம். வேங்கடராம அய்யர் தொகுத்த பழைய புதுக்கோட்டை சமஸ்தான மேனுவலும் நிரந்தரம். கண்மாய்க் கணக்கு வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டும்.

ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன். ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாள். பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பி. சாய்நாத் எழுதிய ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’. 1996-ல் வந்தது. இந்தியாவின் மிக ஏழையான மாவட்டங்களைத் தேடிப் போய் எழுதிய கட்டுரைகள். ஆங்கிலம் அவளுக்கு ஓடாது, ஆனால் கடைசிப் பக்கத்துக் குறிப்பு தமிழில் இருந்தது. வழக்கம்போல உரக்க வாசித்தாள்.

‘நல்ல உழைப்பு. ஆனால் புதுக்கோட்டை பற்றிய பகுதி மிகை. சைக்கிள் ஓட்டியதால் எந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. 3-1-1999.’

வாசித்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுக்கவில்லை. “இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். அச்சு தெரியாவிட்டாலும் அந்தப் பகுதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதுகிறார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், புருஷனையோ மகனையோ எதிர்பார்க்காமல், தண்ணீர்க் குடத்தையும் காய்கறி மூட்டையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவர்கள் போய்வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். ஆரம்பத்தில் ஆண்கள் கேலி பேசினார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார்.

“கேலி பேசுனவங்க பேர் போட்டிருக்காரா?”

“இல்லை.”

வாசகர்களுக்கு நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1992-ல் அவளும் கற்றுக்கொண்டாள். அறிவொளி வகுப்பு எடுத்த ஒரு பெண், சாயங்காலம் ஸ்கூல் மைதானத்தில் வாடகைச் சைக்கிள் வைத்துச் சொல்லிக் கொடுத்தது. எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஒருவர், “என்ன சார், வீட்டம்மா பிளசர் ஓட்டப் போறாங்களாமே” என்று நாலு பேர் நடுவில் கேட்டார். அன்று ராத்திரி நான் போட்ட சத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. அவளுடைய அம்மா இரண்டு மைல் தள்ளி ஒரு ஊரில் நாலு வருஷம் படுக்கையில் கிடந்தாள். இவள் ஒவ்வொரு நாளும் அங்கே நடந்துதான் போய்வந்தாள். இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் கழித்து, ஒன்றுமே நடக்காதவன் போல மிகை என்று எழுதி இனிஷியல் போட்டிருக்கிறேன். மெத்ரு இருந்திருந்தால் எந்த வரி, ஏன் என்று கேட்டிருப்பார். காட்ட என்னிடம் வரி இல்லை.

“இதை அடிச்சிட்டு யாருக்கு வேணா குடுங்க” என்றாள்.

கோப்பில் எழுதிய குறிப்பை அடிக்கக் கூடாது, கீழே தேதி போட்டு மேல்குறிப்புதான் எழுதலாம் என்றேன். “அப்ப எழுதுங்க.” பேனாவைக் கையில் கொடுத்து, வரி கோணாமல் இருக்கப் பக்கத்தின் மேல் ஸ்கேலையும் பிடித்துக்கொண்டாள். ‘மேற்கண்ட குறிப்பு தவறு. 1992-ல் இந்த வீட்டில் ஒருவர் சைக்கிள் கற்றுக்கொண்டார். நிறுத்தியது நான்’ என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தாள். “பன்னெண்டு நாள் ஓட்டுனேன்னு சேருங்க” என்றாள். சேர்த்தேன். இனிஷியல் போடப் போனபோது, முழுப் பேரையும் போடச் சொன்னாள்.

அந்தப் புத்தகம் வீட்டோடு இருக்கிறது. கடைசியாக நூற்றுப் பத்து மிஞ்சியது. திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் சேர்த்த ஞானாலயாவில் லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள், அரிய முதல் பதிப்புகளோடு இருக்கும்போது, என்னுடைய சாதாரணப் பதிப்புகளைக் கொண்டுபோய் அங்கே கொட்டுவது சரியில்லை. படிக்கிற பிள்ளைகள் உள்ள நாலு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். ‘குட்டி இளவரச’னை மட்டும் எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். கடைசிப் பக்கக் குறிப்புகளை யாரும் கிழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம்.

நேற்று முதல் ராத்திரி வாசிப்பு ரமணிசந்திரன். நாற்பது வருஷமாக நான் கேலி பேசி வந்த புத்தகங்கள். ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறாள், அந்தப் பெட்டிப் பக்கம் கரையான்கூடப் போகவில்லை. முடிகிற வரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. மூன்றாவது அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது.